தும்பி சொன்னது

கடலோரத்தில் ஒரு சிறிய நாடு. அந்த நாட்டின் குதிரைப் படையில் விடங்கன் என்று ஒரு வீரன் இருந்தான். வயது நாற்பத்திரண்டு.

அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனி மாதத்தில், மூன்று காதத் தூரத்துக்குக் குதிரைப் பந்தயம் நடக்கும். கோட்டை வாசலில் தொடங்கி, கடற்கரை வழியே போய், குன்றைச் சுற்றி, தண்ணீர் வற்றிய ஆற்றைக் கடந்து, மறுபடி கோட்டை வாசலுக்கு வந்து சேர வேண்டும். விடங்கன் அதில் ஏழுமுறை வென்றவன்.

ஏழாவது முறை வென்றபோது அவன் குதிரை செத்துப்போனது. பவழம் என்று அதற்குப் பெயர். எல்லைக் கோட்டைத் தாண்டி இருபதடி ஓடியது. முன்னங்கால்கள் மடிந்தன. அவ்வளவுதான். முரசு அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. விடங்கன் குதிரைக்கு அடியில் மாட்டிக்கொண்ட காலை இழுத்துக்கொண்டு எழுந்து, தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த பந்தயத்துக்கு நாற்பது நாள் இருந்தபோது அரசர் அவனுக்குப் புதுக் குதிரை ஒன்றைக் கொடுத்தார். கப்பலில் வந்து இறங்கிய சாம்பல் நிறப் பெண் குதிரை. ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்ததால் லாயத்தில் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தும்பி அவனை ஏறவிடவில்லை.

முதல் நாள் மூன்றுமுறை கீழே தள்ளியது. இரண்டாம் நாள் சவுக்கை எடுத்துக்கொண்டு போனான். ஐந்துமுறை தள்ளியது. மூன்றாம் நாள் படை முழுவதும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டது. அவனிடம் குதிரையேற்றம் பயின்ற சேந்தன் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினான். சிரிப்பை அடக்க அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை விடங்கன் பார்த்துவிட்டான்.

"உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கொற்றி என்று ஒருத்தி இருக்கிறாள், ஐயா," என்றான் சேந்தன். "படையில் கழித்துவிட்ட குதிரைகளை வைத்துக் காப்பாற்றுகிறாளாம். கயிறே இல்லாமல் குதிரைகள் அவள் பின்னால் போகின்றனவாம். அவளைப் பார்த்தவர்கள் குரு என்கிறார்கள்."

விடங்கன் ஈரத் துணியோடு கிளம்பினான். தும்பியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் அது ஒரு பக்கம் இழுத்தது, அவன் ஒரு பக்கம் இழுத்தான்.

கொற்றிக்கு முப்பது வயது இருக்கும். தாழ்ந்த கூரை போட்ட ஒரு கொட்டிலின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கிழக் குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்புக்குள் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீதான் கொற்றியா?"

"இதை முடித்துவிட்டு வருகிறேன்," என்றாள்.

அந்தக் காலை முடித்தாள். அடுத்த காலை எடுத்தாள். நாலு கால்களும் முடியும்வரை நாட்டின் முதல் குதிரை வீரன் வெயிலில் நின்றான்.

"இந்தக் குதிரை எனக்குப் பணிய வேண்டும். பந்தயத்துக்கு முப்பத்தேழு நாள் இருக்கிறது. என்ன வித்தை உண்டோ அதைச் சொல்லு."

கொற்றி தும்பியை ஒருமுறை சுற்றி வந்தாள். தொடவில்லை.

"குதிரையை இங்கே விட்டுவிட்டுப் போம்," என்றாள்.

"நீ பழக்கப்போகிறாயா?"

"அவளுக்கு என்ன பழக்க இருக்கிறது? நாளைக் காலையில் நீர் வாரும். உம்மைப் பழக்க வேண்டும்."

அவன் தும்பியை விட்டுவிட்டுக் கோபத்தோடு திரும்பிப் போனான். போகும் வழியில் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது. மறுநாள் விடியும்போது கொட்டில் வாசலில் நின்றான்.

கொற்றி தும்பியிடமிருந்து கழற்றிய அவனுடைய கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தாள். வாய்க்குள் போகும் இரும்பில் சிறு சிறு பற்கள் வைத்த கடிவாளம். முரட்டுக் குதிரைகளுக்கு என்று அவனே சொல்லிச் செய்தது.

"வாயில் வையும்."

"யார் வாயில்?"

"அவள் வாயில் மூன்று நாள் வைத்தாயிற்று. இன்னும் ஒரு வாய்தானே பாக்கி?"

அவன் அவளை முறைத்தான். அவள் திறந்திருந்த வாசலைக் கையால் காட்டினாள். அவன் போகவில்லை. இரும்பை வாயில் வைத்தான்.

கொற்றி வாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். கொட்டிலைச் சுற்றிக்கொண்டே அவள் பேசினாள். கொள்ளுப் பயற்றை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எந்தப் புல் வயிற்றை உப்பவைக்கும், கோடையில் எத்தனைமுறை தண்ணீர் காட்டுவது. நிதானமாக, நல்ல குரலில் சொன்னாள். திருப்பம் வந்தபோதெல்லாம் வாரைச் சுண்டினாள்.

ஐந்து சுற்று முடிந்ததும் இரும்பை எடுத்தாள்.

"நான் சொன்னதில் ஏதாவது நினைவிருக்கிறதா?"

விடங்கன் துப்பினான். எச்சிலில் ரத்தம் இருந்தது.

"இரும்புதான் நினைவிருக்கிறது," என்றான்.

கொற்றி கடிவாளத்தைக் கழுவி ஒரு ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அதை அவன் கேட்கவில்லை.

மறுநாள் அவனைத் தும்பி இருந்த வேலிக்குள் அனுப்பினாள்.

"நடுவில் உட்காரும். அவளுக்கு முதுகைக் காட்டி."

"எவ்வளவு நேரம்?"

"அதை அவள் சொல்வாள்."

அன்று முழுவதும் உட்கார்ந்தான். தும்பி வேலியின் மறுகோடியிலிருந்து அசையவில்லை. இரண்டாம் நாளும் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் சலிப்பு தாங்காமல் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். நான்காம் நாள் என்ன நினைத்தானோ, அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தான். ஏழு பந்தயங்களைப் பற்றிச் சொன்னான். ஏழாவதைக் குதிரையிடம் சொல்ல மனம் வரவில்லை. வேலிக்கு வெளியே புல் கட்டிக்கொண்டிருந்த கொற்றியைக் கூப்பிட்டு அவளிடம் சொன்னான். இதுவரை அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கொற்றி முழுவதையும் கேட்டாள்.

"விழுவதற்கு முன்னால் பவழம் உம்மிடம் என்ன சொன்னது?"

"குதிரை என்ன சொல்லும்?"

அவள் புல்லுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாம் நாள் காலை. விடங்கன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடரியில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. முதலில் காற்று என்று நினைத்தான். பிறகு அது நின்றது. மறுபடி பட்டது. மூச்சு! அவன் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ போர்களில் ஈட்டிக்கு முன்னால் போயிருக்கிறான். நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

கொற்றியிடம் ஓடினான்.

"வந்தாள்! என் கழுத்தில் மூச்சு விட்டாள்!"

"அப்புறம்?"

"திரும்பிப் பார்த்தேன். போய்விட்டாள்."

"நாளைக்குத் திரும்பாதீர்."

"சரி அம்மா," என்றான். சொன்ன பிறகுதான், இத்தனை நாள் அவளை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தது அவனுக்கு உறைத்தது.

ஏழாம் நாள் அவன் திரும்பவில்லை. எட்டாம் நாள் தும்பி தன் தாடையை அவன் தோளில் வைத்தாள். ஒன்பதாம் நாள் அவன் எழுந்து நின்றும் அவள் ஓடவில்லை. கையை நீட்டிக் கழுத்தைத் தொட்டான். தோளைத் தொட்டான். மார்பைத் தடவிக்கொண்டே கீழே வந்தான். முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்தின் வாரை இழுத்துக் கட்டும் இடத்தில் கை போனதும் அவள் தோல் நடுங்கியது.

அவன் குனிந்து முடியை விலக்கிப் பார்த்தான். ஒரு சாண் நீளத்துக்குப் புண். மேலே தோல் மூடியிருந்தது. உள்ளே ஆறவில்லை. கப்பலிலிருந்து கயிறு கட்டித் தூக்கி இறக்கியபோது அறுத்தது.

அந்த இடத்தில்தான் அவன் மூன்று நாள் முழங்காலை முட்டுக்கொடுத்து வாரை இறுக்கியிருந்தான்.

பிறகு கொற்றியிடம் போனான்.

"முதல் நாளே இதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் மருந்து கேட்டிருப்பீர். மருந்து போட்டுவிட்டு மறுநாளே ஏறியிருப்பீர்."

வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பன்னிரண்டு நாள் போட்டான். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. இடைப்பட்ட நேரத்தில் பழைய வாரைத் தூக்கி எறிந்துவிட்டு, பருத்தி நூலில் அகலமாக, மெத்தென்று ஒரு வார் பின்னினான். வாள் பிடித்த விரல்களுக்கு நூல் அடங்கவில்லை. மூன்றுமுறை பிரித்தான். நான்காவதைக் கொற்றி கையில் வாங்கிப் பார்த்தாள். தன் கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்கு அரசர் பட்டயம் கொடுத்ததைவிடப் பெருமையாக இருந்தது.

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று காலை தும்பி வேலியோரம் வந்து பக்கவாட்டாக நின்றாள். அவன் சேணத்தைக் காட்டினான். மோந்தாள். முதுகில் வைத்தான். நின்றாள். வாரைக் கட்டினான். நின்றாள். தலையில் மெல்லிய கயிறு ஒன்று மட்டும். வாயில் ஒன்றுமில்லை.

"அம்மா, ஏறட்டுமா?"

"என்னை ஏன் கேட்கிறீர்?"

அவன் தும்பியின் காதருகே ஏதோ சொன்னான். ஏறினான்.

தும்பி நாலடி நடந்தாள். பத்தடி நடந்தாள். கடற்கரை ஈரமணலில் கால் பட்டதும் ஒரு துள்ளு துள்ளினாள். பிறகு ஓடினாள். என்ன ஓட்டம்! அலை நுரை இரண்டு பக்கமும் சிதறியது. கரையில் உட்கார்ந்திருந்த கொக்குகள் மொத்தமாக எழுந்தன. காற்று அவன் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'ஓ' என்று கத்தினான். யாரிடம் கத்துகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஓடும்போது அவள் இடது காது ஒவ்வொரு முறையும் அவன் பக்கம் திரும்பித் திரும்பிப் போவதைப் பார்த்தான். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குதிரையேறுகிறான். ஒரு குதிரையின் காதை அன்றுதான் பார்த்தான்.

திரும்பி வந்தபோது கண்ணில் தண்ணீர் வழிந்தது. கொற்றி வாசலில் நின்றாள்.

"அம்மா! பணிந்துவிட்டாள்!"

"எந்தப் பக்கம் போக நினைத்தீர்?"

"வடக்கே."

"எந்தப் பக்கம் போனீர்?"

அவன் யோசித்தான்.

"தெற்கே."

"எப்படி இருந்தது?"

"ஆகா, என்ன சொல்ல!" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். கொற்றி சிரித்து அவன் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பந்தய நாள் வந்தது. கோட்டை வாசலில் இருபத்திரண்டு குதிரைகள் நின்றன. மதில்மேல் ஊரே ஏறி நின்றது. தும்பியின் வாயில் கடிவாளம் இல்லாததைப் பார்த்து ஒரு பக்கம் சிரிப்பு எழுந்து மறுபக்கம் வரை போனது.

சேந்தன் ஒரு கருங்குதிரையில் பக்கத்தில் வந்து நின்றான். வாட்டசாட்டமான குதிரை. அதன் வாயில் பற்கள் வைத்த இரும்பு பளபளத்தது.

"ஐயா, கடிவாளத்தை மறந்துவிட்டீர்களா? ஆள் அனுப்பட்டுமா?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. பதறித்தான் கேட்டான்.

"வேண்டாம் தம்பி. நன்றாக ஓட்டு."

முரசு முழங்கியது.

இருபத்திரண்டு குதிரைகள் ஒரே புழுதியாகக் கிளம்பின. கடற்கரையில் தும்பி ஏழாவதாகப் போனாள். விடங்கன் அவசரப்படுத்தவில்லை. அவள் மூச்சும் குளம்படியும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. அந்தத் தாளத்தோடு அவன் உடம்பும் போனது. குன்றடியில் ஐந்தாவது. குன்றைச் சுற்றும்போது இரண்டு குதிரைகள் கூழாங்கல்லில் தயங்கின. தும்பி ஆடு மாதிரித் தாவிப் போனாள். மூன்றாவது! குன்றின் இறக்கத்தில் இரண்டாவது! முன்னால் சேந்தனின் கருங்குதிரை மட்டும்தான். அதன் வால் தெரிந்தது. இடுப்பு தெரிந்தது. ஆற்றங்கரைக்கு வந்தபோது இரண்டு குதிரைகளும் தலைக்குத் தலை சமமாக வந்தன.

இருவரும் ஒன்றாக ஆற்றுக்குள் இறங்கினார்கள்.

தண்ணீர் இல்லாத ஆறு. ஆனால் மணல் ஆழம். குளம்பு கணுக்கால்வரை புதைந்தது. உச்சி வெயில். விடங்கன் இந்த மணலை ஏழுமுறை கடந்திருக்கிறான். பந்தயம் முடிவாவது இங்கேதான் என்று அவனுக்குத் தெரியும்.

பாதி ஆறு கடந்திருப்பான். தும்பியின் இடது காது அவன் பக்கம் திரும்பவில்லை. இரண்டு காதுகளும் பக்கவாட்டில் சரிந்துவிட்டன. குளம்படி ஒரு தாளத்தில் போனது, மூச்சு வேறு தாளத்தில் போனது. மூச்சின் கடைசியில் சின்னதாக ஒரு முனகல் கேட்டது.

விடங்கனுக்குச் சுரீர் என்றது.

இந்த முனகலை அவன் கேட்டிருக்கிறான். இதே மணலில். பவழம் இங்கே ஒருமுறை முனகியது. அக்கரை ஏறும்போது ஒருமுறை. கோட்டை கண்ணில் தெரிந்தபோது ஒருமுறை. மூன்றுமுறை சொன்னது. ஒவ்வொரு முறையும் அவன் சவுக்கால் பதில் சொன்னான்.

அவன் சேணத்திலிருந்து குதித்தான்.

சேந்தனின் சவுக்கு 'பளீர்' என்றது. கருங்குதிரை முன்னால் போனது.

விடங்கன் தும்பியின் பிடரிமயிரில் கையைக் கோத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான். மணல் சுட்டது. ஒரு செருப்பு புதைந்து போனது. மற்றதை உதறினான். கரையில் நின்ற கூட்டம் ஊளையிட்டது.

"விடங்கரே! குதிரையைத் தோளில் தூக்கிக்கொள்ளுமே!"

"ஏழுமுறை குதிரை அவரைச் சுமந்தது. இந்த முறை அவர் முறை!"

அவனுக்கு மூச்சிரைத்தது. விலாவில் குத்தியது. பின்னால் வந்த ஒரு குதிரை கடந்து போனது. தடுக்கி முழங்காலில் விழுந்தான். தும்பி நின்றாள். கயிறு அவன் கையில் இல்லை, அவள் போயிருக்கலாம். நின்றாள். அவன் அவள் காலைப் பிடித்து எழுந்தான். இருவரும் மறுபடி ஓடினார்கள். இப்போது அவள் அவனுக்காக மெதுவாக ஓடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்த மூச்சிரைப்பிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்த கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். ஊளை மெல்ல மெல்ல ஆரவாரமாக மாறியது.

அக்கரை. கெட்டித் தரை. தும்பி நின்று உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள். அவன் காதை அவள் விலாவில் வைத்துக் கேட்டான். மூச்சு தாளத்துக்குத் திரும்பியிருந்தது. அவள் தலையைத் திருப்பி மூக்கால் அவன் தோளை இடித்தாள். இன்னொரு முறை இடித்தாள்.

"ஏறவா?"

இடது காது அவன் பக்கம் திரும்பியது.

ஏறினான். அவ்வளவுதான் அவன் செய்தது. மீதியைத் தும்பி பார்த்துக்கொண்டாள். பனைமரங்கள் பின்னால் பறந்தன. கடந்து போன குதிரையை அவள் கடந்தாள். முன்னால் தூரத்தில் கருங்குதிரை. சேந்தனின் கை ஏறி இறங்குவது தெரிந்தது. தூரம் குறைந்தது. கோட்டை மதில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன்மேல் நின்றவர்கள் தலைத்துணியைக் கழற்றிச் சுழற்றினார்கள். வால் அளவு தூரம்! இடுப்பு அளவு! கழுத்து!

கோடு வந்துவிட்டது.

அரைக் கழுத்து வித்தியாசத்தில் சேந்தன் வென்றான்.

முரசுகள் வெடித்தன. சேந்தனின் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். அப்போது கருங்குதிரை ஒருமுறை தள்ளாடியது. சேந்தன் குதித்து இறங்கியதும் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

முரசு அடித்தவர்கள் நிறுத்தவில்லை.

"நிறுத்துங்கள்!"

அது யார் குரல் என்று எல்லோரும் திரும்பினார்கள். விடங்கன் கருங்குதிரையின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். முரசு நின்றது. பந்தய நாளில் கோட்டை வாசலில் அப்படியொரு அமைதி இருந்ததே இல்லை.

இடுப்புக் கத்தியால் வாரை அறுத்தான். சேணத்தை இழுத்து எறிந்தான். வாயிலிருந்து இரும்பை எடுத்தான். நுரையில் ரத்தம் இருந்தது.

"தண்ணீர்! குடம் குடமாகக் கொண்டுவாருங்கள். கழுத்தில் ஊற்றுங்கள். காலுக்கு நடுவில். நிறுத்தாமல் ஊற்றுங்கள். யாராவது வெயிலை மறையுங்கள்!"

மதில்மேல் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். மோர்ப் பந்தலின் கூரைத் துணி வந்தது. குடங்கள் கை மாறின. வீரர்களும் கடைக்காரப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் கொடுத்தார்கள்.

சேந்தன் மாலையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஐயா, செத்துவிடுமா?"

"தெரியாது. இங்கே வா. கழுத்தைத் தடவு. பேசு."

"என்ன பேசுவது?"

"எதையாவது பேசு. உன் குரல் அதற்குத் தெரியும்."

சேந்தன் மண்டியிட்டான். கழுத்தைத் தடவினான். பிறகு பேசினான். என்ன பேசினான் என்று யாருக்கும் கேட்கவில்லை. விடங்கன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். குதிரையின் விலா ஏறி ஏறி இறங்கியது. அறுபது குடம் ஆகியிருக்கும். விலாவின் வேகம் குறைந்தது. ஒரு காது அசைந்தது. தலை எழுந்தது. முன்னங்கால் ஒன்று நீண்டு தரையைத் தேடியது.

"தள்ளி நில்லுங்கள். வழி விடுங்கள்!"

கருங்குதிரை எழுந்தது. தள்ளாடியது. நின்றது!

எழுந்த ஆரவாரத்தில் கோட்டைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. சேந்தன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினான். விடங்கன் அதை மெல்ல நிழலில் நடத்திக்கொண்டு போனான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினான். வெகுநேரம் கழித்து அது சேந்தனின் மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிடுங்கி மென்றது.

அரசர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏழுமுறை வென்றவர். இன்று மணலில் இறங்கித் தோற்றுவிட்டீர். வருத்தமில்லையா?"

விடங்கன் நனைந்து, செருப்பில்லாமல், முழங்காலில் ரத்தத்தோடு நின்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது.

"அரசே, கடைசியில் தும்பி ஓடியதைப் பார்த்தீர்களா?"

அரசர் அவனைப் பார்த்தார். நிழலில் நின்ற கருங்குதிரையைப் பார்த்தார். இன்னும் ஓடத் தயாராக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தும்பியைப் பார்த்தார்.

"என் குதிரைப் படையில் நூற்றிருபது வீரர்கள் இருக்கிறார்கள்," என்றார். "நாளை முதல் அவர்களுக்கு நீர் ஆசிரியர்."

வெயில் தாழும் நேரத்தில் விடங்கன் உப்பளத்தைக் கடந்து போனான். நடந்துதான் போனான். தும்பி கயிறில்லாமல் பக்கத்தில் வந்தாள்.

கொற்றி பந்தயத்துக்கு வந்திருக்கவில்லை. ஒரு குருட்டுக் குதிரைக்குக் கொள்ளு ஊட்டிக்கொண்டிருந்தாள். விடங்கன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். குன்றில் தாவியது, மணலில் முனகியது, அவனுக்காகத் தும்பி நின்றது, அரைக் கழுத்தில் தோற்றது, கருங்குதிரை எழுந்தது. சொல்லும்போது கையைக் காலை ஆட்டினான். சில இடங்களில் எழுந்து ஓடியே காட்டினான்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கருங்குதிரை தண்ணீர் குடித்ததா?"

"குடித்தது அம்மா."

"நல்லது."

அவள் மறுபடி கொள்ளை உள்ளங்கையில் எடுத்தாள். விடங்கனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் நூற்றிருபது பேர் என் முன்னால் வந்து நிற்பார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அவசரக்காரர்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பது? குதிரைமேல் ஏறுவதா, உட்காருவதா, ஓட்டுவதா? நீங்கள் சொல்லுங்கள் அம்மா, எதிலிருந்து தொடங்கட்டும்?"

குருட்டுக் குதிரை கடைசி மணிவரை தின்று முடித்தது. கொற்றி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இறங்குவதிலிருந்து," என்றாள்.